“பயப்படத் தேவையில்லை” என்று தலைவர் சொன்னால் என்ன ஆகிறது?

கொரோனா காலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் சபை இரண்டாகப் பிரிந்துவிடும். “அந்த நாட்டில் அத்தனை பேர் செத்ததற்கு அந்த ஆளின் வாய்தான் காரணம்” என்று ஒரு கட்சி அடித்துச் சொல்லும். “கிருமிக்குக் காது இருக்கிறதா என்ன? பேச்சில் என்ன ஆகிவிடப் போகிறது” என்று இன்னொரு கட்சி உதட்டைப் பிதுக்கும். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. கிருமிக்குக் காது கிடையாது. ஆனால் அதைச் சுமந்துகொண்டு போகிற மனிதர்களுக்கு உண்டு. ஒரு சொல் எப்படிக் காதில் விழுந்து, கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் போய் முடிகிறது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம். மருத்துவமோ அரசியலோ படித்திருக்க வேண்டியதில்லை.

விழுந்த குழந்தை

நடை பழகும் குழந்தை தடுக்கி விழுந்தால் உடனே அழாது. ஒரு நொடி நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்க்கும். அம்மா பதறினால் வீறிடும். அவள் சிரித்தபடி கை நீட்டினால், மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து நடக்கும். வலி இரண்டு தடவையும் ஒன்றுதான். அது எவ்வளவு பெரிய வலி என்பதை மட்டும் குழந்தை அம்மாவின் முகத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது.

நாம் குழந்தைகள் அல்ல, தலைவர்கள் நமக்குத் தாயும் அல்ல. ஆனாலும் பழக்கமில்லாத ஆபத்து வரும்போது நாமும் இதையேதான் செய்கிறோம். நெருப்பு சுடும் என்று கைக்குத் தெரியும். புதுக் கிருமிக்கு நிறமில்லை, வாசனையில்லை, தொற்றி நாலைந்து நாள் கழித்துத்தான் இருமலே வரும். சொந்த அனுபவம் கைகொடுக்காத இடத்தில் அடுத்தவர் சொல்லைத்தான் அளவுகோலாக எடுக்க வேண்டியிருக்கிறது.

ஓர் ஆபத்து எவ்வளவு பெரியது என்று நம் மனம் போடும் கணக்குக்கு அபாய உணர்வு என்று பெயர். நிஜ ஆபத்து வேறு, இது வேறு. இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. தலைவரின் பேச்சால் நிஜ ஆபத்தை அசைக்க முடியாது, இந்த மனக்கணக்கை மாற்ற முடியும்.

பத்துப் பேர், பதினொரு பேர்

மனக்கணக்கு மாறினால் என்ன? அங்கேதான் தொற்றுநோயின் விசித்திரம் இருக்கிறது. ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்கு நோயைக் கொடுக்கிறார் என்பதைப் பரவல் எண் என்கிறார்கள். அது ஒன்றுக்குக் கீழே இருந்தால் நோய் அடங்கும், மேலே போனால் பெருகும்.

2020 ஏப்ரல் 15 அன்று ஜெர்மனியின் அரசாங்கத் தலைவர் (சான்சலர்) ஏஞ்சலா மெர்கல் செய்தியாளர்கள் முன்னால் இதை ஒரு பள்ளிக்கூடக் கணக்குப்போலச் சொன்னார். அவர் இயற்பியல் படித்து ஆராய்ச்சி செய்தவர், சொல்வதற்குக் கேட்பானேன். பரவல் எண் 1.1 ஆனால் அக்டோபரில் நம் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் நிரம்பிவிடும், 1.2 ஆனால் ஜூலையிலேயே, 1.3 ஆனால் ஜூனிலேயே. அவ்வளவுதான் கணக்கு.

அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். பத்து நோயாளிகள் சேர்ந்து பதினொரு பேருக்குக் கொடுத்தால் ஆறு மாத அவகாசம். அதே பத்துப் பேர் பதின்மூன்று பேருக்குக் கொடுத்தால் இரண்டே மாதம். நடுவில் இருப்பது இரண்டு பேர்! யாரோ ஒருவர் “லேசான தொண்டைக் கரகரப்புதானே” என்று ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினாரா, வீட்டில் படுத்துக்கொண்டாரா என்கிற அளவு வித்தியாசம்.

ஒரு பேச்சு எல்லோரையும் மாற்ற வேண்டியதில்லை என்பது இதிலிருந்து புரியும். பத்தில் ஒருவர், இருவர் அன்று எடுக்கும் சின்ன முடிவை ஒரு பக்கமாகச் சாய்த்தாலே போதும். மிச்சத்தைப் பெருக்கல் வாய்பாடு பார்த்துக்கொள்ளும்.

இதுவரை பார்த்த சங்கிலி இது: சொல் அபாய உணர்வை மாற்றுகிறது, அபாய உணர்வு அன்றாட முடிவுகளை மாற்றுகிறது, அந்த முடிவுகள் பரவல் எண்ணை மாற்றுகின்றன.

மன்னன் எவ்வழி?

“மன்னன் எவ்வழி, மக்கள் அவ்வழி” என்பது பழைய வாக்கு. உண்மையில் அப்படி நடக்கிறதா என்று அளந்து பார்க்க வாய்ப்புக் கொடுத்த நாடு பிரேசில்.

2020 மார்ச் 24 இரவு அந்நாட்டு ஜனாதிபதி ஜெயிர் போல்சனாரோ தொலைக்காட்சியில் பேசினார். தான் விளையாட்டு வீரனாக இருந்தவன், தனக்குத் தொற்றினாலும் ‘கிரிப்பசிஞ்ஞா’வுக்கு மேல் ஒன்றும் ஆகாது என்றார். போர்ச்சுகீசிய மொழியில் ‘கிரிப்பி’ என்றால் ஃப்ளூ காய்ச்சல். வால்போல ஒட்டியிருக்கும் ‘சிஞ்ஞா’ அதைச் செல்லமாகச் சுருக்குகிறது. குட்டிக் காய்ச்சல், சுண்டைக்காய்க் காய்ச்சல் என்கிற தொனி. ஒரு விகுதிதான்.

சில பொருளாதார ஆய்வாளர்கள் செல்பேசி இருப்பிடத் தரவுகளை வைத்து, ஒவ்வொரு ஊரிலும் எத்தனை பேர் வீட்டிலேயே இருந்தார்கள் என்று பார்த்தார்கள். 2018 தேர்தலில் போல்சனாரோவுக்குப் பெருவாரியாக வாக்களித்த ஊர்கள் ஒரு பக்கம், வாக்களிக்காத ஊர்கள் மறுபக்கம். மார்ச் நடுவில் அவர் ஆதரவாளர் கூட்டத்தில் கைகுலுக்கிய பிறகும், பின்னர் இந்தப் பேச்சுக்குப் பிறகும், ஆதரவு ஊர்களில் வீட்டில் இருப்பவர்கள் மற்ற ஊர்களைவிடக் குறைந்தார்கள். உள்ளூர் ஊடகங்கள் அதிகம் இருந்த இடங்களிலும், ட்விட்டரில் ஆட்கள் அதிகம் இருந்த இடங்களிலும் இந்த விளைவு கூடுதலாகத் தெரிந்தது. பேச்சு எட்டிய இடத்தில் வேலை செய்திருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல தடயம் கிடைப்பது கஷ்டம்.

எதற்காக இரண்டு வகை ஊர்களை ஒப்பிட வேண்டும்? அந்த வாரம் பிரேசில் முழுக்க ஒரே செய்திதான், ஒரே நோய்தான். பேச்சுக்கு முன்பும் பின்பும் மட்டும் பார்த்தால் மாற்றத்துக்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். இரண்டு வகை ஊர்களுக்கும் நடுவிலான இடைவெளி அந்தத் தேதிகளை ஒட்டி மாறுகிறது என்றால், சந்தேகம் பேச்சின் மேல்தான் விழும்.

ஆகவே அந்தப் பழமொழியைத் திருத்தியே ஆக வேண்டும். மக்கள் எல்லோரும் அவ்வழி போகவில்லை, அவரை நம்பிய மக்கள் போனார்கள். இதில் ஒரு கொடுமை உண்டு. ஒரு தலைவரின் தவறான வார்த்தைக்கு முதலில் விலை கொடுப்பவர்கள் அவருடைய எதிரிகள் அல்ல, அவர்மேல் உயிரை வைத்திருப்பவர்கள்.

வினைச்சொல் எங்கே?

சரி, எல்லோரையும் பயமுறுத்திவிட்டால் தீர்ந்ததா? இல்லை. பயத்தோடு சேர்த்துக் கைக்கு ஒரு வேலையும் கொடுக்காவிட்டால், அது தானாக ஒரு வேலையைத் தேடிக்கொள்ளும்.

2020 பிப்ரவரி 7 அன்று சிங்கப்பூர் அரசு நோய் எச்சரிக்கையை ஆரஞ்சு நிலைக்கு உயர்த்தியது. ஆரஞ்சு என்றால் கவலைப்பட வேண்டும் என்று எல்லோருக்கும் புரிந்தது. என்ன செய்ய வேண்டும் என்று புரியவில்லை. சில மணி நேரத்தில் சூப்பர்மார்க்கெட்டுகளில் வரிசை. நூடுல்ஸ், அரிசி, டாய்லெட் பேப்பர் அடுக்குகள் காலி. மறுநாள் பிரதமர் லீ சியென் லூங் ஆங்கிலத்திலும் மாண்டரினிலும் மலாயிலும் காணொளியில் பேசினார். இந்தக் கிருமியைப் பற்றி அதுவரை என்ன தெரியும், நோய் அதிகம் பரவினால் அணுகுமுறை எப்படி மாறும், நீங்கள் என்ன செய்யலாம் என்று வரிசையாகச் சொன்னார். கையிருப்பு போதுமான அளவு இருக்கிறது, பதுக்க வேண்டாம் என்பதையும் பொருள்களின் பெயரைச் சொல்லியே சொன்னார். நிலைமை மோசமாகலாம் என்பதை அவர் மறைக்கவில்லை. ஆனாலும் பதற்றம் தணிந்தது.

எதிர்ப்பக்கத்துக்குப் பிரிட்டன். 2020 மார்ச்சில் அங்கே அரசின் வாசகம் “வீட்டிலேயே இருங்கள்” என்று தொடங்கியது. ஐந்து வயதுப் பிள்ளைக்கும் புரியும். மே 10 அன்று பிரதமர் போரிஸ் ஜான்சன் அதை “விழிப்புடன் இருங்கள்” என்று மாற்றினார். விழிப்புடன் இருக்க நான் எங்கே நிற்க வேண்டும்? பஸ்ஸில் ஏறலாமா? அம்மாவைப் பார்க்கப் போகலாமா? ஸ்காட்லாந்தின் முதலமைச்சர் நிகோலா ஸ்டர்ஜன், அந்த வாசகத்துக்கு என்ன பொருள் என்றே தனக்குத் தெரியவில்லை என்று சொல்லி, “வீட்டிலேயே இருங்கள்” என்பதிலேயே நின்றார். வேல்ஸும் வட அயர்லாந்தும் அப்படியே.

“விழிப்பு” என்பது மனநிலை, “வீட்டில் இரு” என்பது செயல். மனநிலையைக் கட்டளையாகக் கொடுத்தால், அவரவர் ஆசைக்கு ஏற்ப அதை நிரப்பிக்கொள்வார்கள். வெளியே போக ஏங்கியவர் “விழிப்போடு போகலாம்” என்று படிப்பார். பயந்தவர் “ஜன்னலைக்கூடத் திறக்கக் கூடாது” என்று படிப்பார்.

அப்போதைய நியூசிலாந்துப் பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்ன் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது “உங்களுக்கே கொரோனா வந்துவிட்டதுபோல் நடந்துகொள்ளுங்கள்” என்பது. ஒரே வாக்கியத்தில் திசையையே மாற்றிவிடுகிறது. யாரிடமிருந்து எனக்கு வரும் என்று சுற்றிலும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியதில்லை. என்னிடமிருந்து யாருக்கும் போகக் கூடாது என்பதுதான் வேலை. கூட இருப்பவர்களைக் ‘குமிழி’ என்றார். குமிழிக்குள் இருப்பவரோடு கட்டிப்பிடிக்கலாம், வெளியில் இருப்பவரிடமிருந்து தள்ளி நில். சோப்பு நுரை ஊதி விளையாடிய யாருக்கும் விளக்கம் தேவையில்லை. விழுந்த பல்லுக்குக் காசு வைத்துவிட்டுப் போகும் பல் தேவதையும், பண்டிகைக்கு முட்டை கொண்டுவரும் ஈஸ்டர் முயலும் அத்தியாவசியப் பணியாளர்கள்தான் என்று செய்தியாளர் கூட்டத்தில் அவர் குழந்தைகளுக்கு உறுதி கொடுத்ததைச் சிலர் கேலி செய்தார்கள். வீட்டில் அடைபட்டிருந்த பிள்ளைகளைச் சமாளித்த பெற்றோர் கேலி செய்திருக்க மாட்டார்கள்.

இந்தப் பகுதியின் சாரம்: பயம் மட்டும் கொடுத்தால் பதுக்கல், தைரியம் மட்டும் கொடுத்தால் அலட்சியம். ஆபத்தின் அளவும் செய்ய வேண்டிய வேலையும் ஒரே மூச்சில் வர வேண்டும்.

ஒரே எண், இரண்டு சட்டம்

ஒரே படத்தை வேறு வேறு சட்டத்தில், அதாவது ஃபிரேமில், மாட்டினால் வேறு மாதிரித் தெரியும். ஒரே தகவலை வேறு சொற்களில் வைத்து வேறு முடிவுக்குத் தள்ளுவதைச் சட்டமிடுதல் என்கிறார்கள்.

1981-இல் உளவியலாளர்கள் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானெமனும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு நோய் 600 பேரைக் கொல்லப் போகிறது. முதல் திட்டத்தில் 200 பேர் நிச்சயம் பிழைப்பார்கள். இரண்டாவது திட்டம் சூதாட்டம்: மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பில் எல்லோரும் பிழைக்கலாம், மீதி வாய்ப்பில் யாருமே பிழைக்காமல் போகலாம். 72 சதவீதம் பேர் முதல் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்னொரு குழுவிடம் அதே திட்டங்களைச் சொல்லை மட்டும் மாற்றி, “முதல் திட்டத்தில் 400 பேர் இறப்பார்கள்” என்று வைத்தார்கள். அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் 22 சதவீதம்தான். 200 பேர் பிழைப்பதும் 400 பேர் இறப்பதும் ஒன்றே என்பது கணக்குத் தெரிந்த யாருக்கும் தெரியும். சொல் மாறியதும் கை வேறு பக்கம் போனது.

2020-இல் தலைவர்கள் அதிகம் மாட்டிய சட்டம் போர். பிரான்ஸ் ஜனாதிபதி இம்மானுவேல் மக்ரோன் மார்ச் 16 உரையில் “நாம் போரில் இருக்கிறோம்” என்று ஆறு முறை சொன்னார். டொனால்ட் டிரம்ப் தன்னைப் போர்க்கால ஜனாதிபதி என்றார். நரேந்திர மோடி மார்ச் 25 அன்று, மகாபாரதப் போர் 18 நாளில் முடிந்தது, கொரோனாவுக்கு எதிரான இந்தப் போருக்கு 21 நாள் என்றார்.

போர் என்கிற ஃபிரேமுக்கு ஒரு பலம் உண்டு, மறுக்கவில்லை. நிலைமை சாதாரணமில்லை என்பதை ஒரே சொல்லில் புரியவைத்துவிடும். ஆனால் அது கேட்காமலேயே மூன்று சரக்கைக் கூடவே ஏற்றி வரும். போர் என்றால் ஒரு நாள் வெற்றி என்று முடியும். தொற்று அப்படி முடிவதில்லை, அந்த 21 நாளும் அப்படி முடியவில்லை, ஊரடங்கு மே இறுதிவரை மூன்று முறை நீண்டது. போர் என்றால் வீரம். நோயிலோ வீட்டில் சும்மா கிடப்பதுதான் பெரிய சேவை. போர் என்றால் எதிரி வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கிருமியை எவ்வளவு நேரம் வெறுப்பது? கொஞ்ச நேரத்தில் விரல் ஏதோ ஓர் இனத்தின் பக்கம், ஒரு வட்டாரத்தின் பக்கம், நோயாளி வீட்டுக் கதவின் பக்கம் திரும்பிவிடும். ஜெர்மன் ஜனாதிபதி ஃபிராங்க்-வால்டர் ஸ்டைன்மையர் ஏப்ரல் 11 அன்று, இது போர் அல்ல, நம் மனிதத்தன்மைக்கு வந்த சோதனை என்று பிரித்துச் சொன்னது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

பெயரும் சட்டம்தான். 1918-இல் வந்த ஃப்ளூ ஸ்பெயினில் பிறந்ததற்குச் சான்று இல்லை. முதல் உலகப் போரில் சேராத ஸ்பெயினில் பத்திரிகைத் தணிக்கை இல்லாததால் செய்தி அங்கிருந்து வந்தது, ‘ஸ்பானிஷ் ஃப்ளூ’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. உலக சுகாதார நிறுவனம் 2015-லேயே நோய்களுக்கு ஊர்ப் பெயர் வைக்க வேண்டாம் என்று நெறிமுறை போட்டது. அதற்குப் பிறகும் ‘சீன வைரஸ்’ என்று சொன்ன தலைவர் இருந்தார்.

நம் மொழியிலும் இது நடந்தது. ஆரம்பத்தில் ‘சமூக விலகல்’ என்று எழுதினோம். தீண்டாமையின் வரலாறு தெரிந்த மொழியில் அந்தச் சொல் எப்படி ஒலிக்கும் என்று பலர் சுட்டிக்காட்டிய பிறகு, ‘தனிமனித இடைவெளி’ பக்கம் நகர்ந்தோம். உலக சுகாதார நிறுவனமும் மார்ச் 2020-இல் ‘சமூக’ என்பதைவிட ‘உடல்சார்ந்த’ இடைவெளி என்பதையே விரும்புவதாகச் சொன்னது. உடம்பு தள்ளி இருக்கட்டும், உறவு தள்ளிப்போக வேண்டாம் என்பதுதான் அதன் பொருள்.

ஊருக்கு உபதேசம்

தலைவர் செய்வதும் பேச்சுதான், சில சமயம் உரத்த பேச்சு. ஒரு கூட்டத்தில் எது சகஜம், எது கூடாது என்று எழுதப்படாமல் நிலவும் விதியைச் சமூக நெறி என்கிறார்கள். நாலு பேர் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துத்தான் அது உருவாகும், அந்த நாலு பேரில் தலைவர் முதல் ஆள்.

2020 ஏப்ரல் 3 அன்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் பொது இடங்களில் முகத்தை மூடச் சொன்னது. அதை அறிவித்த மேடையிலேயே டிரம்ப், நான் போடப் போவதில்லை என்றும் சொன்னார். அரசு சொன்னதா, ஜனாதிபதி சொன்னதா, எதைக் கேட்பது? அதன் பிறகு அந்த நாட்டில் முகக்கவசம் கட்சிக்கொடி மாதிரி ஆகிவிட்டது.

பிரிட்டனில் ஊரடங்கு நாள்களில் பிரதமரின் தலைமை ஆலோசகர் டொமினிக் கம்மிங்ஸ் குடும்பத்தோடு லண்டனிலிருந்து டரம் வரை காரில் போனது மே மாதம் வெளியே தெரிந்தது. ஜான்சன் அவரைக் காப்பாற்றிப் பேசினார். அதன் பிறகு இங்கிலாந்தில் அரசின் மேல் மக்களுக்கு இருந்த நம்பிக்கை சரிந்ததை, அப்போது நடந்துகொண்டிருந்த ஒரு பெரிய கருத்துக்கணிப்பை வைத்து லான்செட் மருத்துவ இதழ் பதிவு செய்தது. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் தங்கள் அரசின் மேல் மக்களுக்கு அப்படியொரு சரிவு இல்லை. நோய்க்குப் பயந்தவர்கள்கூட “அவர்களுக்கு ஒரு சட்டம், நமக்கு ஒரு சட்டமா?” என்று கேட்டுவிட்டால், அடுத்த அறிவிப்பை யார் மதிப்பார்கள்?

வாய் திறக்காததும் பேச்சுதான். 1918 ஃப்ளூ அமெரிக்கர்களைக் கொத்துக்கொத்தாகக் கொன்றபோது ஜனாதிபதி உட்ரோ வில்சன் அதைப் பற்றிப் பொதுவில் ஓர் அறிக்கைகூட விடவில்லை. போர் உற்சாகம் குறையக் கூடாதாம். அந்தச் செப்டம்பர் 28 அன்று பிலடெல்பியாவில் போர் நிதிக்காக ஊர்வலம் நடந்தது. ஏறத்தாழ 2 லட்சம் பேர் தெருவில். நகரின் சுகாதார அதிகாரி, இது சாதாரண ஃப்ளூதான் என்று தைரியம் சொல்லியிருந்தார். சில நாளில் ஆஸ்பத்திரிகளில் கட்டில் இல்லை. சீக்கிரமே பள்ளிகளையும் அரங்குகளையும் மூடிய செயின்ட் லூயிஸ் நகரத்தில் உச்சகட்ட வாரச் சாவு விகிதம் பிலடெல்பியாவில் இருந்ததில் எட்டில் ஒரு பங்கு அளவுதான்.

‘தெரியாது’ என்ற சொல்

புது நோயில் அறிவியலுக்கே ஆரம்பத்தில் அரைகுறையாகத்தான் தெரியும். பிறகு தெளியும். அந்த நடுவில் தலைவர் என்ன பேசுவது?

2020 பிப்ரவரி 29 அன்று அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரி, முகக்கவசம் வாங்குவதை நிறுத்துங்கள், பொதுமக்களுக்கு அதனால் பயனில்லை, ஆனால் மருத்துவப் பணியாளர்களுக்கு அது தேவை என்ற பொருளில் ட்வீட் போட்டார். பயனில்லாத பொருள் நர்ஸுக்கு மட்டும் எதற்கு என்று கேட்க டாக்டர் பட்டம் வேண்டாம். “கையிருப்பு குறைவு, முதலில் அவர்களுக்கு; பொதுமக்களுக்கு எவ்வளவு உதவும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்” என்று சொல்லியிருந்தால் ஐந்து வாரம் கழித்து வந்த மாற்றம் பல்டியாகத் தெரிந்திருக்காது. இன்னொரு பக்கம், 2021 ஜூலையில் ஜோ பைடன், தடுப்பூசி போட்டால் கொரோனா வராது என்று சொல்லிவிட்டார். ஊசி கடும் நோயிலிருந்து நன்றாகவே காப்பாற்றியது. தொற்றே வராமல் முழுதாகத் தடுக்கவில்லை. நல்ல எண்ணத்தில் மிகையாகச் சொன்ன ஒரு வாக்கியம், ஊசி போட்டும் இருமிய ஒவ்வொருவர் வீட்டிலும் ஊசி எதிர்ப்பாளர்களுக்குச் சாட்சியாக மாறியது.

‘தெரியாது’ என்பதைத் தவறாகப் பயன்படுத்தவும் முடியும். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தென்னாப்பிரிக்க ஜனாதிபதி தாபோ எம்பெக்கி, எச்ஐவி-தான் எய்ட்ஸுக்குக் காரணமா என்று கேள்வி எழுப்பிக்கொண்டிருந்தார். அறிவியல் அதற்குள் விடை சொல்லி முடித்திருந்தது. மருந்து தாமதமானது. 2000-க்கும் 2005-க்கும் இடையில் 3 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் இதனால் போயின என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் பின்னர் மதிப்பிட்டார்கள். தெரியாததைத் தெரியாது என்பது நேர்மை, தெரிந்ததைத் தெரியாது என்பது வேறு விவகாரம்.

இந்தப் பகுதியில் மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: இன்று உறுதியாகச் சொல்வது நாளை மாறக்கூடும் என்றால், அதையும் இன்றே சொல்லிவிட வேண்டும்.

பேச்சு மட்டுமா?

இவ்வளவு சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கை. நியூசிலாந்து தப்பித்ததற்கு ஆர்டெர்னின் நாக்கு மட்டும் காரணமில்லை. அது கடல் சூழ்ந்த நாடு, எல்லையை மூட முடிந்தது. நாட்டில் முதியவர்கள் எத்தனை பேர், வீடுகள் எவ்வளவு நெருக்கம், பரிசோதனை வசதி எப்படி, வேலைக்குப் போகாவிட்டால் சாப்பாட்டுக்கு வழி உண்டா என்பதெல்லாம் சேர்ந்துதான் முடிவைத் தீர்மானிக்கும். அன்றாடக் கூலிக்காரரிடம் “வீட்டிலேயே இருங்கள்” என்று எவ்வளவு இனிமையாகச் சொன்னாலும், பணம் வராவிட்டால் அவர் மூன்றாம் நாள் வெளியே வந்தே தீருவார்.

பேச்சில் பெயர் வாங்கிய மெர்கலின் ஜெர்மனியே 2020-21 குளிர்காலத்தில் மோசமாக அடிபட்டது. 2021 மார்ச்சில் மாநில முதல்வர்களோடு இரவெல்லாம் கூட்டம் போட்டு, ஈஸ்டரை ஒட்டி ஐந்து நாள் ஏறத்தாழ எல்லாவற்றையும் மூடுவது என்று முடிவெடுத்தார்கள். விடிந்ததும் கேள்விகள் கிளம்பின: அந்த நாள்களுக்குச் சம்பளம் உண்டா, சரக்கு லாரி ஓடுமா? யாரிடமும் பதில் இல்லை. மறுநாளே, மார்ச் 24 அன்று, அவர் அந்த முடிவைத் திரும்பப் பெற்றார். இது என் தவறு, என்னுடைய தவறு மட்டுமே என்று சொல்லி, மக்களிடம் மன்னிப்புக் கேட்டார்.